வசன அட்டைகளை இறக்கிய வீடு

வெள்ளிக்கிழமை மாலை ஆறரை மணி ஆனால், பொன்னுதுரை தம் வீட்டு விளக்கைப் போடாமல் சன்னலருகே நின்றுகொள்வார். துறைமுகச் சாலையை ஒட்டிய அந்தக் குடியிருப்பில் வாரத்துக்கு ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். எந்த வீட்டில் நடந்தாலும் பாதிப் பேர் அவருடைய வாசலைக் கடந்துதான் போக வேண்டும். பாட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பேசிச் சிரித்தபடி அவர்கள் போவார்கள். விளக்கு எரிந்தால் தம்மைப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படும். பிறரை அப்படிக் கட்டாயப்படுத்துவது மரியாதையாகாது என்பது அவருடைய எண்ணம்.

அவர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிக் குறிக்கும் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி ஞானபாய் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரே மகள் ஜெனிலா பெங்களூரில் கணவனோடு இருக்கிறாள். மனைவி இறந்த சில மாதங்களில் ஜெபக்கூட்டத்தின் முறை அவர் வீட்டுக்கு வந்தது. வந்தவர்களுக்கு உட்கார இடமில்லை. ஞானபாய்க்கு எதையும் எறிய மனம் வராது. எதற்காவது உதவும் என்பாள். மிக்சி வந்த அட்டைப்பெட்டி, மிக்சி போன பிறகும் இருந்தது. ஜெனிலாவின் பள்ளிக்கூடப் பை, கால் ஒடிந்த மேசை, கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் அண்டாக்கள், காலி ஹார்லிக்ஸ் பாட்டில்கள் என்று கூடம் முழுவதும் சாமான்கள். போதாததற்கு, அவளுடைய கடைசிக் காலத்தில் வாங்கிய தண்ணீர் மெத்தையும், பிடித்து நடக்கும் இரும்புச் சட்டமும், மருந்துப் பெட்டிகளும் சேர்ந்துகொண்டன. அன்று வந்தவர்களில் சிலர் சமையலறையிலும் சிலர் வெளியே தெருவிலும் நின்று ஜெபம் பண்ணினார்கள். யாருடைய கையோ பட்டு ஓர் அண்டா உருண்டது. ஜெபத்தின் நடுவே அது வெகுநேரம் உருண்டது.

அவருடைய முறை மறுபடி வந்தபோது, கூட்டத்தை நடத்தும் ஞானையா அன்பாகவே சொன்னார். "அண்ணாச்சிக்கு எதுக்குச் சிரமம்? தனியா இருக்கிய. உங்க முறையை நாங்க தள்ளிக்கிடுதோம்."

"பரவாயில்லைங்க, உங்களுக்கு எப்படி வசதியோ அப்படிச் செய்யுங்க" என்றார் பொன்னுதுரை. அவருக்கு அப்படித்தான் சொல்ல வரும்.

அதன் பிறகு அவரே கூட்டங்களுக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். தம் வீட்டுக்கு ஒருவரையும் அழைக்க இயலாத மனிதர், பிறர் வீட்டில் போய் உட்கார்ந்து தேநீர் அருந்துவது முறையல்ல என்று அவருக்குத் தோன்றியது. இதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை போலும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டார்கள். இப்படியாக, பால்காரரிடம் "ஒரு பாக்கெட் போதுங்க" என்று சொல்வதைத் தவிர வேறு பேச்சில்லாத நாட்கள் அவருக்கு வரத் தொடங்கின.

ஐப்பசி மழைக்குப் பிறகு அவருக்கு மூச்சு இளைத்தது. நெஞ்சுச் சளிக்குப் பார்க்கும் மருத்துவர் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, வீட்டைப் பற்றி விசாரித்தார். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் பொன்னுதுரை உள்ளதைச் சொன்னார்.

"மருந்து பாதிதான் ஐயா கேக்கும்" என்றார் மருத்துவர். "உப்புக்காத்து, நிலக்கரித் தூசி, இதோட வீட்டுக்குள்ளயும் தூசியைச் சேத்து வச்சா நுரையீரல் என்ன செய்யும்? வேண்டாததை வெளியே போடுங்க. சன்னலைத் தெறந்து வைங்க. சுவருக்கு வெள்ளையடிங்க."

அவருடைய அறிவுரை மூச்சுக்காகச் சொல்லப்பட்டது. ஆனால் பேருந்தில் வீடு திரும்பும்போது பொன்னுதுரையின் மனத்தில் ஓடியது வேறு. சாமான்களை வெளியேற்றிவிட்டால் கூடத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார். நெருக்கி உட்கார்ந்தால் இருபத்தைந்து பேர் உட்காரலாம். வீடு சுத்தமான பிறகு, ஞானையாவிடம் தம் முறையைக் கேட்டுவிட வேண்டும். எந்தச் சொற்களால் கேட்பது என்பதை மட்டும் பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

மறுநாளே வேலையைத் தொடங்கினார். ஊருக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் பழைய சாமான் கடை வைத்திருந்த சிவனாண்டி மூன்று சக்கர வண்டியோடு வந்து இறங்கினான்.

"இந்தச் சட்டத்தையும் எடுத்துக்கிடவா அண்ணாச்சி?"

"உங்களுக்குச் சிரமமில்லன்னா எடுத்துக்கிடுங்க. ரொம்ப நன்றிங்க."

சிவனாண்டி கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "நான் இதுக்குத்தான வந்திருக்கேன்! நேத்து ஒரு வீட்டுல துருப்பிடிச்ச கட்டிலுக்கு என்கூட ஒரு மணி நேரம் சண்டை போட்டாவ. நீங்க என்னன்னா ஒவ்வொண்ணுக்கும் கும்பிடு போடுதிய. இப்படியே போனா சாயங்காலம் ஆயிரும்."

"மன்னிச்சுக்கிடுங்க" என்றார் பொன்னுதுரை. சிவனாண்டி மறுபடியும் சிரித்தான்.

இரும்புச் சட்டத்தை அவன் தூக்கியபோது, தரையில் நான்கு கறுப்பு வட்டங்கள் தெரிந்தன. அதன் ரப்பர் கால்கள் பதிந்த தடம். ஞானபாய் கடைசியாக எழுந்து நிற்க முயன்ற இடம் அது. பொன்னுதுரை ஈரத்துணியால் அந்த வட்டங்களைத் துடைத்தார். மூன்று போயின. ஒன்று போகவில்லை. அதன்மேல் மிதியடியை இழுத்துப் போட்டார். பிறகு மிதியடியில்தான் தூசி சேரும் என்று மருத்துவர் சொன்னது நினைவுக்கு வர, அதையும் எடுத்துச் சிவனாண்டியிடம் கொடுத்துவிட்டார்.

சமையலறை மேல்தட்டில் ஒரு தகர டின் நிறையப் பிளாஸ்டிக் பைகள் இருந்தன. ஒவ்வொன்றையும் ஞானபாய் சமோசாவைப் போல முக்கோணமாக மடித்துச் சொருகி வைத்திருந்தாள். ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் பிரித்தார். பிரித்ததைத் திரும்ப அதே போல மடிக்க அரை மணி நேரம் முயன்றார். வரவில்லை. அன்று மதியம் அவர் சமைக்கவில்லை.

ஆனாலும் வீடு நாளுக்கு நாள் விரிந்தது. பல வருடம் பீரோவுக்குப் பின்னே மறைந்திருந்த கிழக்குச் சன்னல் வெளிப்பட்டது. துருப்பிடித்த கொண்டியில் தேங்காய் எண்ணெய் விட்டு, சுத்தியலால் மெல்லத் தட்டித் திறந்தார். கடற்காற்று ஒரே தள்ளாகத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. தூரத்தில் ஏதோ ஒரு கப்பலின் ஊதல் கேட்டது. அன்றிரவு நெடுநாளைக்குப் பிறகு இருமாமல் தூங்கினார்.

மிஞ்சியவை சுவர்களே. ஒவ்வொரு புத்தாண்டு ஆராதனையிலும் சபையில் அவ்வருடத்துக்கென்று வேதத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் வாக்குத்தத்த வசன அட்டையை ஞானபாய் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவாள். இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு வருடத்து அட்டையைக்கூட இறக்கியதில்லை. கூடத்தின் நான்கு சுவர்களிலும் அவை வரிசையாகத் தொங்கின. அவற்றின் பின்னால் சுவர் உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. வெள்ளையடிக்க வேண்டுமானால் எல்லாவற்றையும் இறக்கத்தான் வேண்டும். ஆனால் வசனத்தைத் தரையில் வைக்கக்கூடாது. மேசையும் கட்டிலும் சிவனாண்டியின் வண்டியில் போய்விட்டன. பக்கத்து வீட்டு ஜெப்ஸி டீச்சரிடம் கொடுத்து வைக்கலாம். ஆனால் அவர்களுக்கு அது இடைஞ்சல். யோசித்து யோசித்து, அட்டைகளைத் துடைத்து, வெள்ளைப் படுக்கை விரிப்பில் பொதிந்து, ஓர் ஆட்டோ பிடித்து, ஆலயத்தில் மணி அடிப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"கொஞ்ச நாள் பத்திரமா இருக்கட்டுங்க" என்று மட்டும் சொன்னார். அதிகம் பேசி அவருடைய நேரத்தை வீணாக்க விரும்பவில்லை.

பொதியை ஆட்டோவில் ஏற்றும்போது ஜெப்ஸி டீச்சர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சேலையை விரித்த கை விரித்தபடியே நின்றது. பொன்னுதுரை அதைக் கவனித்து, மரியாதையாகத் தலையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்று மாலையிலிருந்து தெரு மாறியது.

முதலில் ஜெப்ஸி ஒரு கிண்ணத்தில் சாளை மீன் குழம்போடு வந்தாள். வாசலிலேயே நின்று கொடுத்தாள். "ஜெனிலா நல்லா இருக்காளா மாமா? பெங்களூர்ல இப்பக் குளிராமே. ஸ்வெட்டர் கெடக்கா உங்கட்ட?"

"இருக்குங்க டீச்சர். ஜெனிலாவுக்கு நீங்க விசாரிச்சதைச் சொல்லுதேன்."

சுவர்களுக்கு வெள்ளையடித்து முடித்த நாளில் எதிர்வீட்டுக்காரர், ஆறு மாதமாகப் பேசாதவர், வண்டியை நிறுத்தி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "எதுவும் மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி" என்றார். எதை என்று பொன்னுதுரைக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்பது நாகரிகமாகாது என்று "அப்படி ஒண்ணும் இல்லைங்க" என்றார். வெள்ளையடித்த வீட்டுக்கு இத்தனை சக்தியா என்று வியந்தார். சுத்தமான வீட்டிலிருந்து வருபவரின் முகத்திலேயே ஒரு தெளிவு வந்துவிடுகிறதோ, அதுதான் மனிதர்களை நெருங்கச் செய்கிறதோ என்றெல்லாம் எண்ணினார்.

புதன்கிழமை ஞானையாவே வந்தார். திறந்திருந்த கதவு வழியாக வெறுங்கூடத்தை மூலைக்கு மூலை பார்த்தார்.

"வர்ற வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் இங்கனதான் அண்ணாச்சி. எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீங்க ஒண்ணும் ஏற்பாடு பண்ண வேண்டாம்."

பொன்னுதுரை இரு கைகளையும் கூப்பினார். கேட்கத் தேவையில்லாமலேயே கிடைத்துவிட்டது! எந்தச் சொற்களால் கேட்பது என்று அவர் பத்து நாளாக மனத்தில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம்.

வெள்ளியன்று பந்தல் கடையிலிருந்து நாற்காலிகள் வாடகைக்கு வாங்கிப் போட்டார். முந்திரி மக்ரூன் இனிப்பு வாங்கி வந்தார். தேநீருக்குப் பால் கூடுதலாகச் சொன்னார். "என்னய்யா விசேஷம்?" என்று பால்காரர் கேட்டதற்கு, "ஆள் வாராங்க" என்றார். அந்த இரண்டு சொற்களையும் வீட்டுக்குள் வந்து மீண்டும் ஒரு முறை சொல்லிப் பார்த்தார்.

ஆறரைக்குள் கூடம் நிறைந்துவிட்டது. அவர் கணக்குப் போட்ட இருபத்தைந்தையும் தாண்டி, கடைசியில் வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். ஆனால் இப்போது அண்டா இல்லை. வெறும் சுவர்கள் பாட்டை வாங்கி இரண்டு மடங்காகத் திருப்பித் தந்தன. பொன்னுதுரை பின்வரிசையில் நின்று, வந்த செருப்புகள் எல்லாம் தம் வாசலில் கிடப்பதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே பாடினார்.

பாட்டு முடிந்ததும் ஞானையா கண்களை மூடி ஜெபத்தைத் தொடங்கினார். "ஆண்டவரே, பல வருஷமா எங்களோட இருந்த உம்முடைய பிள்ளை ஒருத்தரு இந்த ஊரை விட்டுப் புறப்பட்டுப் போறாரு. அவரு போற வழியில நீர் கூடப் போவும். புது எடத்துல அவருக்கு ஒரு கொறையும் வராமப் பாத்துக்கிடும்..."

யாரோ ஒருவர் ஊரை விட்டுப் போகிறார் போலும் என்று பொன்னுதுரை எண்ணினார். முதிய வயதில் பழகிய இடத்தை விட்டுப் போவது எவ்வளவு துயரமானது! அந்த மனிதருக்காக அவருடைய நெஞ்சு உருகியது. எல்லோரைக் காட்டிலும் சத்தமாக "ஆமென்" என்றார்.

"...மனைவியை இந்த ஊரு கல்லறையில வச்சுட்டு, மக வீட்டுக்குப் போற எங்க பொன்னுதுரை அண்ணாச்சியை..."

அவர் கண்களைத் திறந்தார். ஜெபத்தின் நடுவே கண்களைத் திறப்பது அவருடைய வாழ்க்கையில் அதுவே முதல் முறை. குனிந்த தலைகள் அனைத்தும் அவருக்காகக் குனிந்திருந்தன. வெண்மையான சுவர்களைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

துறைமுகக் குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில், மாற்றலாகிப் போகும் குடும்பம் எல்லாச் சாமான்களையும் லாரியில் ஏற்றிய பின், கடைசியாகத்தான் வசன அட்டையை இறக்கும். அட்டை இறங்கினால் அந்த வீட்டில் இனி அவர்கள் இல்லை என்று பொருள். இந்தத் தெருவில் இருப்பவர்கள் எல்லோரும் குவார்ட்டர்ஸில் வாழ்ந்து ஓய்வு பெற்றவர்களே. அவரே எத்தனையோ முறை, பக்கத்து வீட்டில் அட்டை இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஞானபாயிடம் "புறப்பட்டுட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஜெபம் முடிந்தது. ஞானையா அவருக்குச் சால்வை போர்த்தினார். பெண்கள் சார்பில் ஜெப்ஸி, சக்கரம் வைத்த பயணப் பெட்டி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து அவர் முன்னே நிறுத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"அண்ணாச்சி ரெண்டு வார்த்தை பேசணும்" என்றார் ஞானையா.

பொன்னுதுரை எழுந்து நின்றார். இத்தனை பேர் தமக்காகச் செலவு செய்து, நேரம் ஒதுக்கி, கண்ணீரும் விட்டு முடித்த பிறகு, நான் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? பேசாமல் பெங்களூருக்கே போய்விடுவதுதான் பண்பு என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஜெனிலா கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய வீடு பதினோராவது மாடி. காலையில் இருவரும் வேலைக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார்கள். அங்கே ஜெபக்கூட்டம் வீட்டைத் தாண்டிப் போவதைப் பார்க்கக்கூட ஒரு சன்னல் இராது.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்று தொடங்கினார். "உங்களுக்கெல்லாம் நான் பெரிய சிரமம் கொடுத்துட்டேன். ஞானையா அவர்கள் இவ்வளவு அருமையா ஜெபம் பண்ணியிருக்காங்க. அதுல குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனா... நான் எங்கயும் போகலைங்க."

ஜெப்ஸியின் கை பயணப் பெட்டியின் கைப்பிடிக்குத் திரும்பப் போனது.

"போகலைன்னா?" என்றார் ஞானையா.

"இங்கனதான் இருக்கேன்."

"அப்ப வசனத்தை எதுக்கு இறக்குனிய?" ஜெப்ஸியின் குரல் உயர்ந்தது. "நான்லா தெரு பூராச் சொல்லி வச்சிருக்கேன்!"

"வெள்ளையடிக்கதுக்கு டீச்சர்."

"இருந்த கட்டில் மேசை எல்லாத்தையும் ஏத்தி அனுப்புனியளே மாமா! வெள்ளையடிக்க யாராவது கட்டிலை விப்பாங்களா? எதுக்கு இதெல்லாம்?"

மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் அல்ல. மூச்சிளைப்பு என்றால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள். பொன்னுதுரை சால்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்கல்லாம் வந்தா உக்கார எடம் வேணும்லா. அதுக்குத்தான்."

யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மூக்கைச் சிந்தினாள்.

"இதை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?" என்றார் ஞானையா. அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"கூச்சமா இருந்துச்சுங்க."

"மூணு வருஷமாவா?" என்றாள் ஜெப்ஸி.

ஞானையா தலையைச் சொறிந்தார். "சரி, பிரயாணத்துக்கு ஜெபம் பண்ணியாச்சு. இப்ப அதை எப்படி வாபஸ் வாங்குதது?" என்றார். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எல்லோருக்கும் பெரிய உதவியாக இருந்தது. மக்ரூன் சுற்றி வந்தது. பெட்டியைத் திருப்பிக் கேட்டால் நன்றாயிராது, வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவாயிற்று. தேநீரைச் சூடாகவே குடித்துவிட்டு, வழக்கத்தைவிட விரைவாக எல்லோரும் எழுந்தார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது ஞானையா, "அடுத்த சுத்துல உங்க பேரைச் சேத்துருதேன் அண்ணாச்சி" என்றார். ஒரு சுற்று முடிய ஏழெட்டு மாதம் ஆகும். "ரொம்ப நன்றிங்க" என்றார் பொன்னுதுரை.

பந்தல் கடைக்காரர் காலையில் வந்து நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போனார். இரண்டு நாற்காலிகளை மட்டும் தமக்கு விலைக்குத் தரும்படி பொன்னுதுரை கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதன் பின் தெருவில் அவருக்கு ஒரு புதிய அடையாளம் வந்தது. "என்ன அண்ணாச்சி, இன்னும் கிளம்பலையா?" என்று வண்டியில் போகிறவர்கள் கேட்டார்கள். "டிக்கெட் கிடைக்கலையோ?" என்றார் எதிர்வீட்டுக்காரர். அவர்கள் வண்டியை நிறுத்துவதில்லை. அவர் பதில் சொல்ல வாயைத் திறக்கும்போது வண்டி முனை திரும்பியிருக்கும். வீட்டுக்குள் ஒருவரும் வரவில்லை. மூச்சு நன்றாகிவிட்டது. ஆனால் வெறும் கூடத்தில் அவர் எப்போதாவது இருமினால், அது நான்கு சுவர்களிலும் பட்டு, வேறு யாரோ இருமியது போலத் திரும்பி வந்தது. சாமான்கள் இருந்தபோது இந்தத் தொல்லை இருக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு மாலை, கிழக்குச் சன்னலருகே அவர் உட்கார்ந்திருந்தபோது, ஜெப்ஸி மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"மாமா! பெங்களூர்ல மழையா?"

வழக்கமாக அவர் புன்னகைத்துத் தலையசைப்பார். அன்று ஏனோ அது வரவில்லை.

"ஏளா ஜெப்ஸி, அங்கன நின்னு கத்துனா எனக்கு எப்படிக் கேக்கும்? உள்ள வந்து கேளு, சொல்லுதேன்."

மதிலுக்கு அப்பால் தெரிந்த தலை மறைந்தது. இத்தனை வருடத்தில் அவர் அவளை நீ என்று சொன்னதே இல்லை. தாம் எல்லை மீறிவிட்டோம் என்று பொன்னுதுரை பயந்தார். மன்னிப்புக் கேட்க எழுந்தபோது, கைகளை நைட்டிமேல் போட்ட துண்டில் துடைத்துக்கொண்டே அவள் வாசலில் நின்றாள்.

"அடுப்புல குக்கர் வச்சிருக்கேன். மூணு விசில் வரைக்கும்தான் இருப்பேன். இப்பவே சொல்லிட்டேன்."

"இரு."

அவள் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் சுவரைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள். பிறகு, "உங்க வீட்டுல நல்லாக் காத்து வருது மாமா. எங்க வீட்டுல இப்படி வராது" என்றாள்.

"பீரோ எந்தப் பக்கம் போட்டிருக்க?"

"கிழக்கால."

"அதான்."

முதல் விசில் வந்தது. அவளுடைய பள்ளியில் பிள்ளைகள் இவ்வருடம் எவ்வளவு மோசம் என்று அவள் தொடங்கினாள். ஒரு பையன் விடைத்தாளில் ஒன்றும் எழுதாமல், திருத்தும் ஆசிரியருக்கு உடல்நலம் விசாரித்து எழுதியிருந்தான் என்றாள். "உங்களை மாதிரி மரியாதைக்காரன்" என்றாள். பொன்னுதுரை வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குள் இரண்டாவது விசில் போய்விட்டது. அந்தப் பையனின் தகப்பனைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவதும் வந்தது. அவள் சொன்ன சொல்லை மீறாமல் எழுந்தாள்.

"வாரேன் மாமா. சோறு குழைஞ்சா அவரு திட்டுவாரு."

பொன்னுதுரை வாசல் வரை வந்தார். "ரொம்ப நன்றிங்க" என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டார்.

"ஏளா, நாளைக்குக் கொண்டைக்கடலை வேக வை" என்றார். "அதுக்கு ரொம்ப விசில் வேணும்."